ஐந்தாவது மூடி

கல்மண்டபத்தில் எத்திராஜின் அலுவலகத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது தீக்குப் பறிகொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். கிடங்கு எரிந்தவர், கடை எரிந்தவர், படகு எரிந்தவர். தீ எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தாறு வருஷம் சாம்பலைக் கிளறியதாலோ என்னவோ, மனுஷன் எதற்கும் பதறுவதில்லை. அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு டைப்பிஸ்ட் பூமாரி இருந்தாள். திசையன்விளைக்காரி, மெட்ராஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து வருஷமாகியும் ஊர்ப்பேச்சை விடாதவள். யார் படியேறி வந்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் குற்றவாளி இன்னார் என்று தீர்மானித்துவிடுவாள். நூற்றுக்கு ஐந்து தடவை அது சரியாகவும் இருக்கும்.

2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை அப்படிப் படியேறி வந்தவள் ரெஜினா. முப்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் பை, இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"என்னம்மா எரிஞ்சது?" என்று எத்திராஜ் வழக்கம்போலக் கேட்டார்.

"ஒரு பொண்ணோட கை சார்" என்றாள் ரெஜினா.

பூமாரி தட்டச்சை நிறுத்தினாள்.

ரெஜினா திருவொற்றியூரில், விம்கோ நகர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஏழு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செய்து காட்டித்தான் சொல்லிக் கொடுக்கிறாள். எரிதல் பாடத்துக்கு நான்கு சோதனைகள். மெழுகுவர்த்தியைச் சின்னத் தம்ளரால் மூடுவது, பெரிய தம்ளரால் மூடுவது, எது முதலில் அணைகிறது என்று எண்ணிப் பார்ப்பது, இப்படி. வகுப்பில் இரண்டு சட்டங்கள் உண்டு. கண்டதை எழுது, எழுதியதை அழிக்காதே.

"நாலாவது சோதனை மண்ணெண்ணெய்" என்றாள். "அது எரியும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். ஆனா ஆறிக்கிடக்கிற மண்ணெண்ணெய்ல எரியற குச்சியைப் போட்டா, குச்சிதான் அணைஞ்சுபோகும். எண்ணெய் சூடாகி ஆவியாகாம தீ பிடிக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் எரிய இவ்வளவு சூடு வேணும்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அதைக் காட்டத்தான்."

"குச்சியைப் போடுறது யாரு?"

"நான்தான். பவுடர் டின் மூடியில ரெண்டு ஸ்பூன் ஊத்தி நான் போடுவேன். பிள்ளைங்க சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க. பக்கத்துல ஒரு தோசைக்கல் வெச்சிருப்பேன், ஏதாவதுன்னா கவுத்து மூட."

அந்த வருஷம் ஐந்து குழுக்கள். குழுவுக்கு ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு டானிக் பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டு வரவேண்டும். ஐந்து மூடிகள் வரிசையாக இருந்தன. முதல் நான்கிலும் குச்சி சுர்ரென்று அணைந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாவதில் போட்டதும் நெருப்பு ஆள் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. அந்த நேரம் பார்த்து அந்தக் குழுவைச் சேர்ந்த ஷாலு கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிக்கொண்டு வந்திருந்தாள். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது.

"பத்து வயசுப் பொண்ணு. சொன்ன பேச்சு தட்டமாட்டா. கோட்டை ஏன் தாண்டினான்னுதான் எனக்குப் புரியல. ஏதோ சொல்ல வந்தா. 'அப்புறம் சொல்லு'ன்னேன். சொல்லிக்கிட்டே குச்சியைப் போட்டுட்டேன்." ரெஜினா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஊத்தும்போது வாசனை ஏதாவது வித்தியாசமா இருந்ததா?"

"எங்க பக்கம் மேக்கத்திக் காத்து அடிச்சா எண்ணெய்க் கம்பெனி நாத்தத்துல மல்லிப்பூவுக்கே வாசனை தெரியாது சார். அன்னிக்கு மேக்கத்திக் காத்துதான்."

ஷாலுவின் அப்பா செங்குட்டுவன் ஆட்டோ ஓட்டுகிறவர். ரெஜினாவை வேலையை விட்டே எடுக்கவேண்டும் என்று மனு கொடுத்திருந்தார். தன் வீட்டிலிருந்து எண்ணெய் எதுவும் போகவில்லை, ஆசிரியை கைவசம் வைத்திருந்ததைத்தான் ஊற்றினார் என்பது அவர் கட்சி. ஷாலு பத்து நாளாக வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியிலேயே விசாரணை.

"நீங்க கைவசம் வெச்சிருந்தீங்களா?"

"ஒரு பாட்டில் வெச்சிருந்தேன், கொண்டு வர முடியாத பிள்ளைக்குன்னு. கடையில வாங்கினது. ஆனா அன்னிக்கு அஞ்சு குழுவும் கொண்டு வந்துட்டாங்க. வேற சோதனைக்கு ஏத்தற விளக்குக்குத்தான் அதிலேருந்து கொஞ்சம் ஊத்தினேன். இதை யாரும் நம்பமாட்டேங்கிறாங்க." தோள்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வேலை போனா போகட்டும்னு சொல்ற நிலைமையில நான் இல்ல சார். வீட்டுக்காரர் படுத்து மூணு வருஷமாச்சு. என் சம்பளத்துலதான் அடுப்பெரியுது."

எத்திராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பள்ளிக்கூடம் இன்னைக்கு உண்டா?"

பூமாரி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

பள்ளி வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் நின்றது. அதன் அடியில் எண்ணெய் சொட்டிக் கையகலத்துக்குக் கறையாகியிருந்தது. தலைமையாசிரியர் நீலமேகத்தின் வண்டி. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. அதுவரை ஒரு கொசுகூடத் தன் பள்ளியில் யாரையும் கடித்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிற மனிதர்.

"நான் அப்போதே சொன்னேன், படத்தைப் போட்டுப் பாகம் குறித்தால் போதும் என்று. கேட்டால்தானே?" என்று சொல்லியபடி அலமாரியைத் திறந்தார். சம்பவத்தன்று மேஜைமேல் இருந்ததையெல்லாம் அப்படியே எடுத்துப் பூட்டி வைத்திருந்தார். பயந்தவர்கள் எதையும் கழுவி வைப்பதில்லை. துப்புத் துலக்குகிறவர்களுக்கு அது ஒரு சகாயம்.

எத்திராஜ் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஒரு தோசைக்கல். ஐந்து டின் மூடிகள். அடியில் கொஞ்சம் எண்ணெயோடு நான்கு டானிக் பாட்டில்கள். நான்கிலும் ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம். ரெஜினா கடையில் வாங்கிய பாட்டில் தனியாக இருந்தது. அதிலிருந்தது தண்ணீர்போல நிறமே இல்லாத வெள்ளை எண்ணெய்.

"குழு அஞ்சு. பாட்டில் நாலுதான் இருக்கு" என்றார் எத்திராஜ்.

"இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். அன்றைக்கு ஒரே களேபரம். அப்பன்காரர் வாசலிலேயேதான் ஆட்டோவோடு நின்றிருந்தார், சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிப்போக. ஓடி வந்து பெண்ணையும் அவள் சாமான்களையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்."

எத்திராஜ் மூடிகளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான்கு மூடிகள் அநேகமாகக் காய்ந்துகிடந்தன. கரி பிடித்த ஐந்தாவதில் மட்டும் பிசுபிசுவென்று ஒரு படலம், அதில் தூசி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார், பூமாரியிடம் நீட்டினார்.

"என்ன வாசனை வருது?"

பூமாரி மூக்கைச் சுளித்தாள். "ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் புகை விட்டுட்டுப் போகுமே, அந்த மணம் அண்ணாச்சி."

"டூ-டி ஆயில். அந்த வண்டிகளுக்கு பெட்ரோல்ல கலந்து ஊத்துவாங்க. பெட்ரோல் எரிஞ்சிடும், மண்ணெண்ணெய் காஞ்சிடும். இது மட்டும் அப்படியே தங்கும்."

பூமாரியின் பார்வை வாசலில் நின்ற ஸ்கூட்டருக்குப் போய், அங்கிருந்து நீலமேகத்துக்கு வந்தது. "அண்ணாச்சி, ஆள் கிடைச்சாச்சு" என்று காதோடு சொன்னாள். எத்திராஜ் காதில் விழாததுபோல நோட்டுகளை எடுத்தார்.

குழுவுக்கு ஒரு நோட்டு. தேவையான பொருள்கள் என்று தலைப்புப் போட்டு, சோதனை தொடங்குமுன் பிள்ளைகள் படம் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். நான்கு நோட்டுகளில் பாட்டில் நீலமாக இருந்தது. ஐந்தாவது நோட்டில் பாட்டிலுக்குள் பச்சை. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஆசிரியையின் உருண்டைக் கையெழுத்தில் 'நீலம்' என்று ஒரு திருத்தம்.

"பாவம், நீலக் கலர் தீந்துபோயிருக்கும் பிள்ளைக்கு" என்றாள் பூமாரி.

அதே பக்கத்தில் ஒரு வாளியும் வரைந்திருந்தது. வாளிக்கு அழுத்தமான நீலம். எத்திராஜ் அதை விரலால் காட்டினார். வெளியே வரும்போது தரையில் பாதி அழிந்துகிடந்த சாக்பீஸ் கோட்டின் பக்கத்தில் நின்று, மேஜைவரை எத்தனை அடி என்று காலால் அளந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செங்குட்டுவன் குடியிருந்த அடுக்குக் குடியிருப்புக்குப் போனார்கள். அவர் மனைவி ரமாபாய் மீன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். முதல் மாடியில் கதவு திறந்தே இருந்தது. ஷாலு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வலக்கை முழுக்கக் கட்டு. செங்குட்டுவன் அவளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் பூமாரி கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"டீச்சர் அனுப்சாங்களா?" செங்குட்டுவன் எழுந்து நின்றார். "பாரு சார், எம்பொண்ணு கைய பாரு. ஒரு வார்த்த பேசமாட்டேங்குது. கொழந்தைங்க நடுவுல நெருப்ப வெச்சிகினு வெளையாடுவாங்களா? எங்க வூட்ல அன்னிக்கு கிருஷ்ணாயிலே கெடையாது. கேன் காலி. டீச்சர் வெச்சினு இருந்தாங்கள்ல ஒரு பாட்டிலு, அதுதான்."

எத்திராஜ் தலையாட்டியபடி அறையைப் பார்த்தார். மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது. திரிகள் காய்ந்து வெளுத்திருந்தன. வாசல் பக்கம் மூன்று செங்கல் வைத்து புதிதாக விறகடுப்பு. கட்டிலுக்கு அடியில் தூசி படிந்த தரையில் ஒரு கேன் உட்கார்ந்திருந்த வட்டத் தடம் சுத்தமாகத் தெரிந்தது.

அவர் ஷாலுவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "உன்கிட்ட நீலக் கலர் கிரேயான் இருக்காம்மா?"

ஷாலு இருக்கிறது என்று தலையசைத்தாள். செங்குட்டுவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"அப்போ கோட்டை ஏன் தாண்டினே?"

ஷாலு அப்பாவைப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"வேணாம் சார், உட்ரு" என்றார் செங்குட்டுவன். குரல் இறங்கியிருந்தது.

பூமாரி கீழே குழாயடியில் பச்சையம்மாவிடம் மாட்டிக்கொண்டாள், அல்லது பச்சையம்மா பூமாரியிடம் மாட்டிக்கொண்டாள் என்றும் சொல்லலாம். பச்சையம்மா பக்கத்து வீட்டுக்காரி. குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவள்.

"அந்தப் புள்ளைக்குக் கை வெந்த அன்னிக்கு சாய்ங்காலம் இந்தக் காவாய்ல கிருஷ்ணாயிலு ஓடுச்சும்மா" என்றாள் பச்சையம்மா. "யாரோ கேனோட கவுத்துட்டுகீறாங்க. எங்களுக்கு வவுறு எரிஞ்சிபோச்சு. மாசத்துக்கு மூணு லிட்டரு குடுக்குறான் ரேஷன்ல. அதுக்கு விடியகாட்டியே கல்லு வெச்சி எடம் புடிக்கணும். ஒரு சொட்டு கீழ சிந்துனா துணியில ஒத்தி அடுப்புல போடுவோம். ஊத்திட்டுப் போவ இன்னா மன்சு வரும் சொல்லு."

திரும்பி வரும் பஸ்ஸில் பூமாரி இதை ஒப்பித்துவிட்டு, "தலைமையாசிரியருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னுதான் பிடிபடல அண்ணாச்சி" என்றாள்.

"அவரை விட்டுடுங்க. பாவம், ரிட்டயராகட்டும்" என்றார் எத்திராஜ். "வடக்கு மெட்ராஸ்ல மண்ணெண்ணெயைக் கடன் குடுப்பாங்க, திருடுவாங்க, மறைச்சும் வெப்பாங்க. சாக்கடையில ஊத்தமாட்டாங்க. அப்படி ஊத்தினா, அந்த எண்ணெய்ல ஏதோ கலந்திருக்குன்னு ஊத்தினவனுக்குத் தெரியும்னு அர்த்தம்."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே எத்திராஜ் பள்ளிக்கு வந்துவிட்டார். நீலமேகத்திடம் கேட்டு ஐந்தாவது நோட்டை வாங்கி, ரெஜினாவை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போய் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

ரெஜினா முதலில் படத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு பிள்ளைங்களையும் பார்த்துக்கிட்டே வேகமா திருத்திட்டுப் போனேன். மண்ணெண்ணெய்னா நீலம்னு..."

"மூடியையும் சாக்கடையையும் வெச்சே பேசிப் பார்க்கிறேன்" என்றார் எத்திராஜ். "அது போதுமா தெரியாது. இந்தப் பக்கம் இருந்தா நிச்சயம் போதும். ஆனா இதைக் காட்டினா, எண்ணெய் சரியில்லைன்னு குச்சி போடறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவங்க எழுதலாம். காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம். நான் எடுக்கமாட்டேன்."

நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

விசாரணைக்கு வந்த கல்வி அலுவலர் தேவப்பிரியம் கோப்பைத் தவிர வேறெதையும் நம்பாதவர் என்று பெயரெடுத்த அம்மாள். ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்தார். ஒரு பக்கம் நீலமேகம், எதிரே ரெஜினா, ஜன்னலோரம் செங்குட்டுவன். ஷாலு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசிரியைக்குத் துணையாகப் பேச எத்திராஜுக்கு அனுமதி கிடைத்தது. பூமாரி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அம்மா, இந்தச் சோதனை தப்பில்லை" என்று தொடங்கினார் எத்திராஜ். "ஒரே மேஜை, ஒரே கை, ஒரே தீப்பெட்டி. நாலு மூடியில குச்சி அணைஞ்சது, அஞ்சாவதுல பத்திக்கிச்சு. அப்போ தப்பு அஞ்சாவது மூடியில இருந்த எண்ணெய்ல. அதுல பெட்ரோல் கலந்திருந்தது. பெட்ரோல் குச்சி கிட்ட வந்தாலே பிடிக்கும். மூடியில தங்கியிருக்கிற பிசுக்கு டூ-டி ஆயில். வெறும் பெட்ரோல் இல்லை, ஆட்டோவுக்கோ ஸ்கூட்டருக்கோன்னு ஆயில் கலந்து வெச்ச பெட்ரோல்."

நீலமேகம் நாற்காலியில் நெளிந்தார்.

"பெட்ரோல் விக்கிற விலைக்கு அதுல மண்ணெண்ணெய் கலந்து வண்டி ஓட்டறது இந்தப் பக்கம் புதுசில்லை. அப்படிக் கலந்து ஒரு கேன்ல வெச்சிருந்த வீட்டிலேருந்து இது வந்திருக்கு. அந்த வீட்டில சமையலுக்கும் அதே மாதிரி ஒரு கேன் இருந்திருக்கும். பிள்ளை கேன் மாறி ஊத்திக்கிட்டு வந்திருக்கு. கொண்டு வந்த பாட்டில் அலமாரியில இல்லை. யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே ஒரு குடியிருப்புச் சாக்கடையில கேன் கேனா எண்ணெய் ஓடியிருக்கு. கேன் காலின்னு சொன்ன வீட்டில அன்னையிலேருந்து விறகடுப்பு எரியுது. கட்டிலுக்கு அடியில கேன் இருந்த தடம் இருக்கு, கேன் இல்லை."

எல்லாரும் செங்குட்டுவனைப் பார்த்தார்கள்.

"இன்னா சார், எம்மேலயே திருப்புறியா?" செங்குட்டுவன் முன்னால் வந்தார். "பொண்ணுக்குக் கை வெந்துச்சு, ஸ்டவ்வ பாத்தாலே பேஜாரா இருந்துச்சு, வெறகு வெச்சிகினேன். அது குத்தமா? ஆயிலு எங்கிட்டதான் கீதா? எச்செம் சாரு ஸ்கூட்டர்லயும் கீது. வாசல்ல சொட்டிகினு கீது பாரு. டீச்சரு வெச்சினு இருந்த பாட்டில்ல யாரு இன்னா கலந்தாங்களோ. எம்பொண்ணு பாட்டில எவனாவது பாத்தானா?"

தேவப்பிரியம் பேனாவை மூடினார். "அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குழுவின் எண்ணெய் குழந்தை கொண்டுவந்ததா, ஆசிரியை கொடுத்ததா? அதற்கு ஆதாரம் வேண்டும்."

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூமாரி அவரைப் பார்த்தாள், ரெஜினாவைப் பார்த்தாள். வாயைத் திறக்கப்போனவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டாள்.

ரெஜினா எழுந்தாள். நோட்டைப் பிரித்து அலுவலரின் மேஜைமேல் வைத்தாள்.

"ஆதாரம் இதுல இருக்கும்மா" என்றாள். "சோதனைக்கு முன்னாடி ஷாலு வரைஞ்சது. பாட்டில்ல பச்சை. என்கிட்ட இருந்த கடை எண்ணெய்க்கு நிறமே கிடையாது. ரேஷன் எண்ணெய் நீலம். நீல எண்ணெய்ல மஞ்சளா இருக்கிற பெட்ரோலைக் கலந்தா பச்சை. இது வீட்டிலேருந்து வரும்போதே கலந்து வந்தது."

தேவப்பிரியம் படத்தின்மேல் இருந்த சிவப்புக் குறியைத் தொட்டார். "இந்தத் திருத்தம்?"

"நான் போட்டது. எண்ணெயை ஊத்தறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி. கண்டதை எழுதுன்னு சொன்னேன். கண்டதைத்தான் வரைஞ்சிருக்கா. நான் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கல, தப்புன்னு போட்டுட்டேன். ஊத்தும்போதும் நிறத்தைக் கவனிக்கல. பார்த்திருந்தா அவ கை இன்னைக்கு நல்லா இருந்திருக்கும். அதையும் சேர்த்து எழுதிக்குங்கம்மா."

வெளியே சரக்கு ரயில் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. செங்குட்டுவன் ரெஜினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வந்த மனிதருக்கு எதிரியே முதலில் தலை குனிந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

எத்திராஜ் ஷாலுவின் பக்கம் குனிந்தார். "டீச்சர் தப்புன்னு போட்டாங்க. அதைப் பார்த்ததும் நீ கோட்டைத் தாண்டினே. இல்லையா?"

ஷாலு அப்பாவின் சட்டையை விட்டாள். பன்னிரண்டு நாளாகப் பேசாத குரல், கரகரத்துத்தான் வந்தது.

"பச்சையாதான் இருந்துச்சு டீச்சர். பாட்டில காட்டலாம்னு வந்தேன். நீங்க அப்புறம்னீங்க."

ரெஜினா அழுதாள். அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. செங்குட்டுவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாம்மா" என்றார். "ரெண்டு கேனும் வெள்ள கேனு. ஒண்ணு சமையலுக்கு, ஒண்ணு வண்டிக்கு. அது எதுலேர்ந்து ஊத்திகினு வந்துச்சுன்னு பாட்டில பாத்தவொடனே தெர்ஞ்சுபோச்சு. எடுத்து ஆட்டோல போட்டுகினு பூட்டேன். எது எதுல கலந்துகீதோன்னு பயந்து ரெண்டு கேனையும் காவாய்ல கவுத்தேன். பர்மிட்டு பூடும்னு ஒரு பயம். அத்த விட, நம்மளாலதான் பொண்ணு வெந்துச்சுன்னு வூட்ல எப்டி சொல்றது? வாயத் தொறக்காதன்னு அதுக்குச் சொன்னேன். அது எங்கிட்டகூட பேசறத நிறுத்திட்ச்சு." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டெய்லி எட்டு கொழந்தைங்கள அந்த வண்டியிலதான் இட்டுகினு போறேன். எட்டு வூட்டுக்கும் நானே போயி சொல்லிட்றேன். மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன். டீச்சர வுட்ருங்க."

தேவப்பிரியம் நெடுநேரம் எழுதினார். வேலை நீக்கம் இல்லை. கவனக்குறைவுக்காக ரெஜினாவுக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். இனி மெழுகுவர்த்தியோடு சரி, எண்ணெய் எதையும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. எழுதி முடித்துக் கோப்பைக் கட்டும்போது, "திருத்தியதைக் காட்டாமலே இருந்திருக்கலாம்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

எல்லாரும் எழுந்த பிறகு ரெஜினா நோட்டை எடுத்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தான் போட்ட பெருக்கல் குறியின்மேல் அடித்து அழிக்கப் போனாள்.

ஷாலு தன் இடக்கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுனத அழிக்கக் கூடாது டீச்சர்."

ரெஜினா அவளைப் பார்த்தாள். பிறகு அந்தக் குறியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதினாள். 'பச்சை. ஷாலு கண்டது சரி. நான் பார்க்கவில்லை.' அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.